இராமானுஜனும் வழித்துணைவர்களும்

ஆண்டுதோறும் டிசம்பர் 22ஆம் நாளை நம் நாடு தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகிறது. 1887ஆம் ஆண்டில் அந்நாளில் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் புகழ் எய்தி, 32ஆம் வயதிலேயே மறைந்த சீனிவாச இராமானுஜனின் நினைவுக்கு நாம் செலுத்தும் வணக்கம் அது. தமிழர் கூடும் சங்கங்களில் அன்று அவர் பெயரைச் சொல்லாதார் இல்லை. ஆனால் எஸ். நாராயண ஐயர் என்னும் பெயரைச் சொல்வார் மிகச் சிலரே. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்குத் தலைவராக இருந்த அந்தப் பெரியவர், தம் கீழ் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவுக்காகத் தம் மாலைப் பொழுதுகளை மனமுவந்து அளித்தார். அவ்வாறு அளிக்கும்படி அவருக்கு யாரும் கட்டளையிடவில்லை. அதற்காக அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

தாய் தந்தையர் பிள்ளையைப் பேணுவது கடமை. ஆசிரியர் மாணவனுக்குக் கற்பிப்பது தொழில். இவ்விரண்டும் அல்லாமல், கடமையின்றியும் ஊதியமின்றியும் ஓர் இளைஞனுக்குத் துணை நிற்பவரை வழித்துணைவர் என்று சொல்லலாம். இராமானுஜனின் வாழ்வில் இத்தகையோர் பலர் வந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கணிதத்தில் அவருக்கு நிகரானவர் அல்லர். தம்மினும் அறிவில் மிக்க ஒருவனுக்கு ஒருவர் எவ்வாறு வழித்துணை ஆதல் கூடும்? இந்தக் கேள்விக்கு 1910 முதல் 1920 வரையிலான பத்து ஆண்டுகளின் வரலாறு தரும் விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், இராமானுஜனுக்குத் துணை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம். 1904இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து பரிசுகளோடு வெளியேறிய மாணவர் அவர். அரசினர் கல்லூரி அவருக்கு உபகாரச் சம்பளம் அளித்தது. ஆனால் கல்லூரியில் புகுவதற்கு முன்னரே கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதச் சுருக்க நூல் அவர் கைக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை விரிவான நிரூபணம் இன்றி அடுக்கி வைத்த நூல் அது. அதில் மூழ்கிய இளைஞருக்கு மற்றப் பாடங்கள் வேம்பாயின. ஆங்கிலக் கட்டுரையில் தேறாமையால் உபகாரச் சம்பளம் போயிற்று. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணித ஆசிரியர் சிங்காரவேலு முதலியார் அவரிடம் அன்பு காட்டி, கடினமான கணக்குகளை உடனிருந்து ஆராய்ந்தார். ஆயினும் எப்.ஏ. தேர்வில் அவ்வாண்டும் மறு ஆண்டும் தோல்வியே கிட்டியது. கணிதத்தில் சிறந்த ஒருவர் உடலியல் முதலிய பாடங்களில் தேறாதவரானார். பட்டத்துக்கான வழி அத்தோடு அடைபட்டது.

அதன் பின் மூன்றாண்டுகள் வீட்டுத் திண்ணையே அவருக்குக் கல்லூரியாயிற்று. காகிதம் விலை கூடியது. ஆகவே சிலேட்டில் கணக்கிடுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார். முடிவாகக் கிடைத்ததை மட்டும் குறிப்பேட்டில் பதித்துக்கொள்வார். வந்த வழி அழிந்துவிடும்; சேர்ந்த இடம் மட்டும் ஏட்டில் நிற்கும். இந்தப் பழக்கத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வரும் செய்திக்கு இதுவே திறவுகோல். 1909இல் அவருக்குத் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்தது, வருமானமோ இல்லை.

1910இல் அவர் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு திருக்கோவலூர் சென்றார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவரே. தாலுகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை வேண்டும் என்பதே இராமானுஜனின் வேண்டுகோள். அதிகாரி நினைத்திருந்தால் அன்றே அந்த வேலையைக் கொடுத்து, ஏழைக்கு உதவினோம் என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் இந்த இளைஞரை அமர்த்தினால் அவருடைய மேதைமை மூச்சடங்கிப் போகும் என்று உணர்ந்து, அந்த வேலையைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. கேட்டதை மறுத்தாரேயன்றிக் கேட்டவரைக் கைவிட்டாரில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார்.

அந்த நண்பர்களுள் ஒருவர் பி.வி. சேஷு ஐயர். கும்பகோணம் கல்லூரியில் முன்பு பணியாற்றியவராதலின் இராமானுஜனை அறிந்தவர். அவர் நெல்லூர்க் கலெக்டரும் கணித சங்கத்தின் செயலாளருமான ஆர். இராமச்சந்திர ராவிடம் இராமானுஜனை அனுப்பினார். இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். குள்ளமான உருவம், சவரம் செய்யாத முகம், கசங்கிய ஆடை, அக்குளில் ஒரு குறிப்பேடு, ஒளி வீசும் கண்கள்: இவ்வளவே அவர் கண்டது. குறிப்பேட்டில் இருந்தது அவருக்கு விளங்கவில்லை. எனினும் விளங்காததைப் பொய் என்று அவர் தள்ளிவிடவில்லை. மீண்டும் வரச் சொன்னார். இராமானுஜன் எளியவற்றில் தொடங்கிப் படிப்படியாக மேலே அழைத்துச் சென்றபோது கலெக்டரின் ஐயம் நீங்கிற்று. உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். உண்ண உணவும் ஆராய ஓய்வும் போதும் என்பதே விடை. அன்று முதல் மாதந்தோறும் 25 ரூபாய் தம் கையிலிருந்தே அனுப்பி வந்தார்.

அந்தப் பணம் இராமானுஜனைச் சென்னையில் நிலைநிறுத்தியது. 1911இல் கணித சங்கத்தின் இதழில் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரை வெளிவந்தது. அக்கட்டுரைக்குப் பின்னாலும் ஒரு வழித்துணைவர் உண்டு. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த எம்.டி. நாராயண ஐயங்கார் அப்போது இதழின் ஆசிரியர். இராமானுஜனின் எழுத்து சுருக்கமும் புதுமையும் மிக்கது, தெளிவோ குறைவு. வேறோர் ஆசிரியராயின் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார். இவர் கையெழுத்துப் படியைப் பலமுறை திருப்பியனுப்பி, எந்த இடத்தில் படிப்பவர் தடுக்கி விழுவார் என்று காட்டி, திருத்தச் செய்து, பின்னர் வெளியிட்டார். ஓர் ஏட்டாசிரியரின் பொறுமையும் ஒருவகை வழித்துணையே என்பதற்கு இது சான்று.

ஆயினும் பிறர் கொடுக்கும் பணத்தில் நெடுநாள் வாழ இராமானுஜனின் மனம் இசையவில்லை. 1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரம் தற்காலிக வேலை பார்த்தார். பின்னர்ச் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்து, மார்ச் 1ஆம் நாள் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அங்கேதான் நாராயண ஐயர் இருந்தார். அவர் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர், திருச்சி புனித வளனார் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், கணித சங்கத்தின் பொருளாளரும் ஆவார். துறைமுகக் கழகத்தின் தலைவராயிருந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு அவரிடம் மிகுந்த நம்பிக்கை.

பகலில் ஒருவர் மேலதிகாரி, மற்றவர் கடைநிலைக் குமாஸ்தா. மாலையில் அந்த வேற்றுமை மறைந்தது. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் இருந்த நாராயண ஐயரின் வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு அமர்வார்கள். இரவு நெடுநேரம் வரை சிலேட்டுக் குச்சியின் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். நாராயண ஐயர் திறமைமிக்க கணித அறிஞர்தாம். ஆயினும் இராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவும் வேகத்தை அவராலும் தொடர முடியவில்லை. தாம் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு இறங்கி வந்து, ஒரு படிக்கும் மறு படிக்கும் நடுவே பத்துப் படிகளேனும் எழுத வேண்டும் என்று அவர் இராமானுஜனை வற்புறுத்தியதாக அவர் குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கின்றனர். எனக்கே விளங்கவில்லையே, மற்றவர்களுக்கு எவ்வாறு விளங்கும் என்பது அவர் வாதம்.

நேயர்களே, அந்த வேண்டுகோளின் அருமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முழங்கையால் அழிக்கப்பட்டு வந்த படிகளை, அழிக்காதே, எழுதிக் காட்டு என்று கேட்ட மனிதர் அவர். தமக்கு விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ள, மேலதிகாரியாக இருந்தும், அவர் நாணவில்லை. விளங்கியதுபோல் தலையசைத்திருந்தால் இராமானுஜன் மகிழ்ந்திருப்பார். ஆனால் அவருடைய கணிதம் அந்த மாடியை விட்டு வெளியே போயிருக்குமா என்பது ஐயமே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஒரு மொழியில் ஒரே சொல்லாய் நிற்பது மற்றொரு மொழியில் சில வேளைகளில் ஒரு வாக்கியமாய் விரிய வேண்டியிருக்கும். மூலத்தை எழுதியவருக்கு அந்த விரிவு தேவையில்லை; படிப்பவருக்குத் தேவை. நாராயண ஐயர் அந்த மாடியில் செய்த பணியை எண்ணும்போதெல்லாம் அதை ஒரு மொழிபெயர்ப்புப் பணியாகவே நான் காண்கிறேன். மேதையின் மொழியை உலகத்தார் மொழிக்குக் கொண்டுவர முயன்றவர் அவர்.

தம்மினும் மிக்கவனுக்கு ஒருவர் எவ்வாறு துணையாவது என்ற கேள்விக்கு இங்கே முதல் விடை கிடைக்கிறது. உண்மையாகக் கேட்கும் ஒரு செவியை அவர் தர முடியும். இளைஞன் தன்னைப் பிறர்க்கு விளக்கிச் சொல்லப் பழகுவது அத்தகைய செவியின் முன்னிலையில்தான்.

இரண்டாம் விடை இதன் பின் நிகழ்ந்தவற்றில் இருக்கிறது. இராமானுஜனின் ஆராய்ச்சி தம் எல்லையைக் கடந்து சென்றுவிட்டது என்பதை நாராயண ஐயர் அறிந்திருந்தார். அறிந்தும் அவரைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1913இல் கணித சங்கத்தின் இதழில் பகா எண்களைப் பற்றி இராமானுஜன் கண்ட முடிவை, இன்னார் கண்டது என்று தெரிவித்துத் தாமே எழுதி வெளியிட்டார். ஸ்பிரிங்கிடம் எடுத்துரைத்து அவருடைய ஆதரவைப் பெற்றுத் தந்தார். பொறியியற் கல்லூரியின் கிரிபித் என்னும் பேராசிரியர் 1912 இறுதியில் இலண்டனிலிருந்த பேராசிரியர் ஹில்லுக்கு எழுதினார். இராமானுஜன் சில இடங்களில் வழுக்கி விழுந்திருப்பதைச் சுட்டிக்காட்டிய ஹில், முறையாகக் கற்பதற்கு ஒரு நூலையும் குறிப்பிட்டு விடை அனுப்பினார். கேம்பிரிட்ஜில் இருந்த இரண்டு பெரும் பேராசிரியர்களுக்கு எழுதிய கடிதங்களால் பயன் விளையவில்லை.

1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு மற்றொரு கடிதம் புறப்பட்டது. தம்மைத் துறைமுகக் குமாஸ்தா என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, நிரூபணம் இன்றித் தேற்றங்கள் பலவற்றை இணைத்து, டிரினிட்டி கல்லூரியின் ஜி.எச். ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் அது. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் ஓரிரவு அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்தனர். இவை கற்பனையில் புனைய முடியாதவை, ஆகவே உண்மையானவை என்று முடிவுக்கு வந்தனர். பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி விடை எழுதினார். அந்த விடையில் அவர் கேட்டதும் நிரூபணங்களையே. நாராயண ஐயர் மாடியில் கேட்டதை ஹார்டி கடல் கடந்து கேட்டார் என்று சொல்லலாம்.

இதன் பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதே பிப்ரவரியில் வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். ஸ்பிரிங் அந்த வாய்ப்பை விடாமல் இராமானுஜனின் ஏடுகளை அவர் பார்வைக்கு வைத்தார். வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். பட்டம் பெறாதவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் தருவது வழக்கத்துக்கு மாறானது. எனினும் சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டு மே மாதம் முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கிற்று. எப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றவர் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் ஆனார். துறைமுக அலுவலகம் ஒரு குமாஸ்தாவை இழந்தது. அந்த இழப்புக்காகப் பாடுபட்டவர்கள் அவருடைய மேலதிகாரிகளே.

1914 தொடக்கத்தில் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்த நெவில் என்ற இளம் கணித அறிஞரிடம், முன்பு தயங்கிய கடற்பயணத்துக்கு இராமானுஜன் இசைவு தெரிவித்தார். ஆண்டுக்கு 250 பவுனும் வழிச்செலவும் பல்கலைக்கழகம் அளித்தது. மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்ற கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னையை விட்டுப் புறப்பட்டது.

திருக்கோவலூரிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை நான்கே ஆண்டுகள். இந்த நான்காண்டுகளில் இராமசாமி ஐயர் சேஷு ஐயரிடமும், சேஷு ஐயர் இராமச்சந்திர ராவிடமும், துறைமுகத்தார் பல்கலைக்கழகத்திடமும், நெவில் ஹார்டியிடமும் இராமானுஜனைக் கைமாற்றிக் கொடுத்தனர். தம்மால் இயன்றதைச் செய்வதும், இயலாத இடம் வந்ததும் இயன்றவரிடம் சேர்ப்பதுமே அவர்கள் அனைவரும் செய்த தொண்டு. நான் கண்டுபிடித்த பிள்ளை, என்னிடமே இருக்கட்டும் என்று அவர்களுள் ஒருவர் எண்ணியிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும். கைவிடாமையும், உரிய வேளையில் விட்டுக்கொடுத்தலும் ஒருங்கே அமைந்தால்தான் வழித்துணை நிறைவு பெறும். இதுவே இரண்டாம் விடை.

கேம்பிரிட்ஜ் வாழ்வைப் பற்றிப் பேசும்போது ஹார்டிக்கு உரிய பெருமையைக் குறைக்கலாகாது. இராமானுஜனுக்குத் தெரியாத புதுக் கணித முறைகளைக் கற்பிக்க வேண்டியிருந்தது. அளவு மீறிக் கற்பித்தால் அவருடைய தன்னம்பிக்கையும் ஊற்றும் வற்றிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. ஹார்டி இவ்விரண்டுக்கும் நடுவே மிகுந்த எச்சரிக்கையோடு நடந்தார். தாம் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம் என்று பிற்காலத்தில் மனம் திறந்து சொன்னார். 1916இல் ஆராய்ச்சிப் பட்டம் கிடைத்தது. 1918 மே மாதத்தில் இராயல் சொஸைட்டியின் உறுப்பினராகவும், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகவும் இராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வளவுக்கும் பின்னால் நின்று உழைத்தவர் ஹார்டி.

எனினும் ஒரு குறை இருந்தது. நாள்தோறும் புதிய தேற்றங்களோடு வந்த மனிதரிடம் மற்றவற்றைப் பற்றி விசாரிக்கப் பொழுதில்லாமல் போயிற்று என்று ஹார்டியே பின்னாளில் எழுதினார். கணிதத்துக்குத் துணை கிடைத்தது. கணிதருக்குத் துணை போதவில்லை. 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. காய்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று. தம் கையாலேயே சமைத்துக்கொண்டு, குளிரில் தனியே இருந்தார் இராமானுஜன்.

அந்நாள்களில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் அப்போது பயின்ற வங்காள இளைஞர் பிரசாந்த சந்திர மகாலநோபிஸ்; பின்னர்க் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று அவர் ஒரு நாள் இராமானுஜனைக் கேட்டார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். மகாலநோபிஸ் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பும் இடப்பட்டிருந்தது. கம்பளிகளை விலக்கி அவற்றின் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே படுத்து வந்திருக்கிறார். எப்படிப் படுப்பது என்று மகாலநோபிஸ் செய்து காட்டினார்.

எண்களின் மறைபொருளை எல்லாம் அறிந்த ஒருவருக்குக் கட்டிலில் கம்பளியின் உள்ளே புகத் தெரியவில்லை என்று நகைக்கலாம். வேற்றூரில் வாழப் போனவர்கள் நகைக்க மாட்டார்கள். தில்லியில் என் முதல் குளிர்காலத்தில் ரஜாயை எங்கே வாங்குவது, வெயிலில் எவ்வாறு உலர்த்துவது, அறையில் கரி அடுப்பை மூட்டி வைத்துக் கதவைச் சாத்தினால் என்ன கேடு வரும் என்பதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர், அலுவலகத்தில் இரண்டு மேசை தள்ளி அமர்ந்திருந்த மூத்த நண்பர் ஒருவர். அவர் தமிழர் அல்லர். நானாகக் கேட்டிருக்க மாட்டேன் என்பதை அறிந்து அவராகவே சொன்னார். மகாலநோபிஸும் தாமாகவே கேட்டார் என்பதைக் கவனியுங்கள். துன்பம் எதுவென்று அறியாதவன் அதற்குத் தீர்வு கேட்பது எப்படி?

1917இல் இராமானுஜன் நோயுற்றார். ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருத்துவ நிலையங்களில் தங்க நேர்ந்தது. வீட்டிலிருந்து கடிதங்களும் அருகின. 1918 தொடக்கத்தில், மனம் உடைந்து, இலண்டன் சுரங்க இரயிலின் தண்டவாளத்தில் வீழ்ந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே உலகுக்குத் தெரிந்தது. அவ்வாண்டு கோடையில் இங்கிலாந்தில் பணியாற்றிய தமிழ்ப் பொறியாளர் ஏ.எஸ். இராமலிங்கம் மாட்லாக் மருத்துவ நிலையத்துக்குச் சென்று சில நாள் அவருடன் இருந்தார். அவருடைய உணவு, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றை விரிவாக எழுதி ஹார்டிக்குத் தெரிவித்தார். ஒரே கல்லூரியில் அருகருகே இருந்து உழைத்த பெரியவருக்குத் தெரியாதவை, சில நாள் கூட இருந்து உண்ணும் உணவைக் கவனித்த ஒருவருக்குத் தெரிந்தன. ஒரு மனிதனுக்கு ஒரே வழித்துணைவர் போதாது என்பதையும் நாம் இதனால் அறிகிறோம்.

இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இராமானுஜனைக் கைதூக்கிவிட்ட சென்னைப் பெரியோர்கள் பெரும்பாலும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே கல்வி வட்டத்தில் பழகியவர்கள். ஒருவர் கடிதம் மற்றவர் வாசலைத் திறந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே, உழவர் குடியிலோ நெசவாளர் தெருவிலோ சேரியிலோ அதே ஆண்டில் அதே அறிவோடு ஒரு குழந்தை பிறந்திருந்தால், அதற்குத் திருக்கோவலூருக்கு வழி தெரிந்திருக்குமா? தெரிந்து சென்றாலும் உள்ளே அழைத்து ஏட்டைப் புரட்டிப் பார்த்திருப்பார்களா? இந்தக் கேள்வியால் அப்பெரியோர்களின் தொண்டு சிறுத்துவிடாது. நம் கடமைதான் பெருகும். அறிந்தவர் பிள்ளைக்கு உதவுவது நல்லது; அறியாதவர் பிள்ளையைத் தேடிச் சென்று உதவுவது அதனினும் நல்லது.

உதவி பெற்றவரின் உள்ளம் எவ்வாறு இருந்தது என்பதற்கு ஒரு கடிதம் சான்று. இராமானுஜன் தாயகம் திரும்பும் காலம் நெருங்கியபோது, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித் தொகையை மேலும் ஐந்தாண்டுகளுக்கு அளிக்க முன்வந்தது. 1919 ஜனவரி 11ஆம் நாள், நோயாளியாக இருந்தபடியே, அவர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு விடை எழுதினார். இத்தொகை தமக்குத் தேவையானதைவிட மிகுதி. தம் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் தந்து, தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து. உபகாரச் சம்பளம் பறிபோனதால் தெருவில் நின்ற பழைய மாணவன், கையில் பணம் வந்ததும் முதலில் நினைத்தது தன்னைப் போன்ற பிள்ளைகளை.

1919 மார்ச் இறுதியில் அவர் பம்பாயில் வந்து இறங்கினார். நோய் தணியவில்லை. படுக்கையில் இருந்தபடியே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் எனப்படும் புதுப் பொருளை அறிவித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். 1927இல் அவருடைய கட்டுரைகள் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தபோது, பதிப்பாசிரியர் மூவருள் ஹார்டியும் சேஷு ஐயரும் இருந்தனர். அவருடைய வரலாற்றைச் சேஷு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதிச் சேர்த்தனர். பிறந்த ஊரிலும் புகுந்த ஊரிலும் துணை நின்றவர்கள் மறைவுக்குப் பின்னும் துணை நின்றனர்.

நேயர்களே, நாம் வாழும் நகரங்களுக்கு இன்றும் ஆண்டுதோறும் தமிழ் இளைஞர்கள் வருகிறார்கள். கல்லூரிக்கு வருவோர், தேர்வு எழுத வருவோர், கட்டட வேலைக்கும் உணவு விடுதி வேலைக்கும் வருவோர் எனப் பலர். அவர்கள் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. ஊருக்கு ஒரு நொடியில் பேசிவிடலாம். எனினும் படிவத்தை எங்கே கொடுப்பது, இந்தியில் எழுதிய அறிவிப்பின் பொருள் என்ன, காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குச் செல்வது, தோல்வியுற்றதை வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்பவற்றுக்கு அருகில் அமர்ந்து பேச ஒருவர் வேண்டும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் செய்வது இருக்கட்டும். பக்கத்துத் தெருவில் வாழும் வேற்று மொழிக் குடும்பத்தின் பிள்ளைக்கும் அவ்வாறு ஒருவர் தேவைப்படலாம். மகாலநோபிஸ் தமிழர் அல்லரே!

நம்முள் ஹார்டிகள் அரியர். நாராயண ஐயராக இருப்பதற்கு அத்தனை பெரிய அறிவு வேண்டுவதில்லை. வாரத்தில் ஒரு மாலைப் பொழுது, விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் நேர்மை, தம் எல்லை வந்ததும் அடுத்தவரிடம் அழைத்துச் செல்லும் பெருந்தன்மை, இடையிடையே சாப்பிட்டாயா என்று கேட்கும் பரிவு ஆகியவை போதும். துணை பெறும் பிள்ளை இராமானுஜன் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேர்வில் தோற்ற ஒரு பிள்ளை மறுபடியும் எழுந்து நடந்தால், அந்த மாலைப் பொழுதுகள் வீண் போகவில்லை என்றே கொள்ளலாம்.